கிரகாம் பெல்லின் வீட்டில் போன் பேச முடியாத இருவர்!

பேருந்து நிறுத்தத்திலோ மெட்ரோ ரயிலிலோ இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மளமளவென்று சைகை செய்துகொண்டிருப்பார். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் அப்படியே. சிரிப்பார்கள், கோபப்படுவார்கள், ஊர் வம்புகூடப் பேசுவார்கள். சத்தம் மட்டும் இருக்காது. காது கேளாதவர்களின் வீடியோ கால் அது.

தொலைபேசி வந்து 150 வருஷம் ஆகிறது. அதில் முதல் 90 வருஷம் இவர்களுக்கு அந்தக் கருவியால் பயன் எதுவும் இல்லை. பயன் இல்லாதது மட்டுமா, நஷ்டமும்தான். நேரில் போயோ கடிதம் எழுதியோ முடித்துக்கொண்டிருந்த காரியங்கள் ஒவ்வொன்றாக போனுக்கு மாற, காது கேளாதவர்கள் வெளியே நின்றார்கள்.

இதில் மனசை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. தொலைபேசியைத் தந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் அம்மாவுக்கு ஏறக்குறைய காது கேட்காது. மனைவிக்குச் சுத்தமாகக் கேட்காது. அவருடைய தொழிலும் மின்சாரம் சம்பந்தப்பட்டது இல்லை. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வாத்தியார் அவர். தொலைபேசியே அந்த வகுப்பறையிலிருந்துதான் பிறந்தது.

அப்படிப்பட்டவரைக் காது கேளாதோரில் பலர் இன்றும் மன்னிக்கவில்லை. ஏன்?

நெற்றியில் பேசிய பையன்

1847 மார்ச் 3-ம் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார் பெல். தாத்தா பெயர் அலெக்சாண்டர் பெல். அப்பா பெயர் அலெக்சாண்டர் மெல்வில் பெல். பிள்ளைக்கும் அதே அலெக்சாண்டர். தனக்கென்று ஒரு நடுப்பெயர் வேண்டும் என்று கேட்டு, 11-வது பிறந்தநாளில் குடும்ப நண்பர் ஒருவரின் பெயரிலிருந்து 'கிரகாம்' என்பதை வாங்கிக்கொண்டான் பையன்.

அந்தக் குடும்பத்தின் தொழில் பேச்சு. தாத்தா லண்டனில் உச்சரிப்புப் பயிற்சி கொடுத்தவர். அப்பா ஒரு படி மேலே போய், பேச்சை எழுதிக்காட்டும் புதிய எழுத்துமுறை ஒன்றை உருவாக்கினார். நாக்கு எங்கே தொடுகிறது, உதடு எப்படிக் குவிகிறது, தொண்டை என்ன செய்கிறது என்பதைக் குறியீடுகளாக எழுதும் முறை அது. எந்த மொழியின் எந்த ஒலியையும் அதில் எழுதிவிடலாம். அப்பா ஊர் ஊராகப் போய் இதை மேடையில் செய்துகாட்டுவார். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, பார்வையாளர்களை விதவிதமான சத்தங்கள் எழுப்பச் சொல்லிக் குறித்துக்கொள்வார். திரும்பி வரும் பையன் குறியீட்டைப் பார்த்து, கேட்காத அந்தச் சத்தத்தை அப்படியே எழுப்பிக்காட்டுவான். கைதட்டல் பறக்கும்.

அம்மா எலைசா ஓவியம் வரைவார், பியானோ வாசிப்பார். நாளாக ஆகக் காது மந்தமாகி, ஒரு குழலைக் காதில் வைத்துத்தான் கேட்க வேண்டிய நிலை. மற்றவர்கள் அந்தக் குழலில் கத்துவார்கள். பெல் மட்டும் வேறு மாதிரி. அம்மாவின் நெற்றிக்கு அருகே வாயைக் கொண்டுபோய், அடங்கிய கனத்த குரலில் மெதுவாகப் பேசுவான். அந்த அதிர்வு அம்மாவுக்குப் புரிந்தது. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால், அவர்கள் பேசுவதை விரல்களால் எழுத்து எழுத்தாக அம்மாவுக்குக் காட்டிக்கொண்டே இருப்பான்.

குரல் என்பது காற்றில் மிதக்கும் மாயம் இல்லை, அதிர்வு. அதைத் தொட முடியும், பார்க்க முடியும் என்பதை பெல் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்றுக்கொள்ளவில்லை. விரல் எழுத்துகளும் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே அத்துப்படி. பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இந்த இரண்டாவது விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேசும் நாயும் புரியாத புத்தகமும்

அண்ணன் மெல்வில்லோடு சேர்ந்து செயற்கைத் தொண்டை, நாக்கு, உதடு எல்லாம் வைத்துப் பேசும் பொம்மைத் தலை ஒன்றைச் செய்தார் பெல். துருத்தியால் காற்றை ஊதினால் அது குழந்தைபோல அம்மாவைக் கூப்பிட்டது. அடுத்த சோதனை வீட்டு நாயின் மேல். அது உறுமும்போது வாயையும் தொண்டையையும் கையால் பிடித்துப் பிசைந்து, பாட்டியை நலம் விசாரிப்பதுபோல் ஒலி எழுப்ப வைத்தார்கள். நாய் பேசுகிறது என்று அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்க வந்தது.

இதற்கிடையில் ஒரு தவறு. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், மின்சாரத்தால் இசைக்கவைகளை அதிரவைத்து உயிரெழுத்து ஒலிகளை உருவாக்கிக் காட்டியிருந்தார். பெல்லுக்கு ஜெர்மன் சரியாகத் தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு, உயிரெழுத்துகளைக் கம்பி வழியாக இன்னொரு இடத்துக்கே அனுப்பிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். உயிரெழுத்து போகும் என்றால் மெய்யெழுத்தும் போகும்தானே? முழுப் பேச்சும் போகும்தானே? ஜெர்மன் ஒழுங்காகப் படித்திருந்தால் இந்த முயற்சியையே தொடங்கியிருக்க மாட்டேனோ என்று பிற்காலத்தில் அவரே நினைத்துப் பார்த்திருக்கிறார்.

குடும்பத்தில் துக்கம் வரிசையாக வந்தது. 1867-ல் தம்பி எட்வர்ட் காசநோயில் போனார். 1870-ல் அண்ணனும் அதே நோயில். மிச்சம் இருந்தது ஒரே பிள்ளை. அவரும் இளைத்துப்போயிருந்தார். பெற்றோர் யோசிக்கவில்லை, வீட்டை விற்றுவிட்டு அதே வருஷம் கனடாவின் பிரான்ட்ஃபோர்டு ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். காற்று மாறியதும் உடம்பு தேறியது.

செத்தவரின் காது

1871-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாதோர் பள்ளியில் வேலை. அப்பாவின் குறியீட்டு முறையை வைத்துப் பிள்ளைகளைப் பேசவைப்பதுதான் பணி. தன் குரலையே கேட்க முடியாத ஒரு குழந்தை, நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்பதைப் படம் பார்த்துக் கற்று, ஒரு சொல்லைத் திருத்தமாகச் சொல்வது என்றால் சும்மா இல்லை. பெல் பொறுமைசாலி, பிள்ளைகளுக்குப் பிடித்த வாத்தியார். 1873-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரும் ஆகிவிட்டார். அப்போது வயது 26.

பகலில் பாடம், ராத்திரியில் சோதனை. ஒரே தந்திக் கம்பியில் பல செய்திகளை ஒரே நேரத்தில், வெவ்வேறு சுருதியில் அனுப்ப முடியுமா என்பதுதான் அன்று பல கண்டுபிடிப்பாளர்களின் கனவு. அதில் பணம் கொட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பெல்லுக்கு முதல் போட்டவர்கள் இரண்டு பேர். தோல் வியாபாரி தாமஸ் சாண்டர்ஸ். அவருடைய மகன் பிறவியிலேயே காது கேளாதவன், பெல்லின் மாணவன். இன்னொருவர் வழக்கறிஞர் கார்டினர் ஹப்பர்ட். அவருடைய மகள் மேபலும் பெல்லின் மாணவி. வகுப்பறை உறவுதான் முதலீடாக மாறியது.

1874 கோடையில் நடந்ததுதான் திருப்புமுனை. காது மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக் உதவியோடு, இறந்துபோன ஒருவரின் காதுப் பகுதியை வாங்கிக்கொண்டு பிரான்ட்ஃபோர்டுக்குப் போனார் பெல். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது இல்லையா? செவிப்பறையோடு ஒட்டிய சின்ன எலும்பில் ஒரு துரும்பைக் கட்டி, அதன் நுனி புகை படிந்த கண்ணாடியில் உரசும்படி வைத்தார். காதுக்குள் பேசினால், துரும்பு கண்ணாடியில் அலை அலையாகக் கோடு போடும். ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் ஒவ்வொரு கோலம். சரியான உச்சரிப்பின் கோலத்தைப் பார்த்து, தன் கோலத்தையும் அதேபோல் கொண்டுவரப் பிள்ளைகள் முயற்சி செய்யட்டும் என்பதுதான் அவர் திட்டம்.

அந்தக் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்று தட்டுப்பட்டது. காகிதம்போன்ற ஒரு சவ்வு, தன்னைவிடக் கனமான எலும்புகளை அசைக்கிறது. அப்படியானால் கொஞ்சம் பெரிய சவ்வு ஓர் இரும்புத் துண்டை அசைக்காதா? இரும்பு காந்தத்தின் முன்னால் அசைந்தால், கம்பியில் மின்சாரம் குரலின் வடிவத்திலேயே ஏறி இறங்காதா? தொலைபேசியின் அடிப்படைக் கருத்து இவ்வளவுதான். காது கேளாதவர்களுக்கு ஒலியைக் காட்டச் செய்த கருவியிலிருந்து, காது கேட்பவர்களுக்கு மட்டுமே பயன்படும் கருவி முளைத்தது.

சிக்கிக்கொண்ட தகடு

பெல்லின் கை வேலைக்கு ஒத்துவராது. கருவி செய்துகொடுத்தவர் பாஸ்டன் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த தாமஸ் வாட்சன் என்ற இளைஞர். 1875 ஜூன் 2-ம் தேதி ஓர் அறையில் வாட்சன், இன்னோர் அறையில் பெல். வாட்சன் பக்கம் ஓர் எஃகுத் தகடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. அதை விரலால் மீட்டிவிட்டார். அந்த மீட்டல், அதன் எல்லா நெளிவு சுளிவோடும் பெல்லின் காதில் விழுந்தது. ஓடிவந்து எதையும் தொடாதே என்று கத்தினாராம். இந்தத் துறையில் எத்தனையோ பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த மெல்லிய சத்தத்தின் அர்த்தத்தை உடனே பிடித்துக்கொள்ள, ஒலியிலேயே வளர்ந்த காது வேண்டியிருந்தது.

1876 பிப்ரவரி 14-ம் தேதி பெல்லின் காப்புரிமை விண்ணப்பம் வாஷிங்டனில் தாக்கலானது. அதே நாளில் எலிஷா கிரே என்ற கண்டுபிடிப்பாளரும் அதே யோசனைக்கு முன்னறிவிப்பு கொடுத்தார். யார் முதலில், யாருடைய தாள் யார் கண்ணில் பட்டது என்ற சர்ச்சை இன்றுவரை தீரவில்லை. மார்ச் 7-ம் தேதி பெல்லுக்கு 174,465 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள் கழித்து, பக்கத்து அறையிலிருந்த வாட்சனைத் தன் அறைக்கு வரச்சொல்லி பெல் கருவியில் பேசினார். வாட்சன் ஓடிவந்து, கேட்ட வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னார். அன்று பயன்படுத்திய அமிலத்தில் ஊசி தோயும் கருவி, கிரேயின் யோசனையைப் போலவே இருந்தது என்பதால் சந்தேகம் இன்னும் வலுத்தது.

இத்தாலியரான அன்டோனியோ மெயூச்சி 1871-லேயே ஒரு முன்னறிவிப்பு கொடுத்து, பணம் இல்லாமல் புதுப்பிக்கத் தவறினார். அவருடைய உழைப்பை அமெரிக்கக் கீழவை 2002-ல் ஒரு தீர்மானத்தால் கௌரவித்தது. பெல்லின் காப்புரிமையை எதிர்த்து நூற்றுக்கணக்கான வழக்குகள் வந்தன. 1888-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் பெல் தரப்பே வென்றது. ஒரே நேரத்தில் பல பேர் ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், பெல்லுக்குத் திறந்தது என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

அந்த ஜூன் மாதம் பிலடெல்ஃபியாவில் பெரிய கண்காட்சி. பெல்லுக்குப் போக விருப்பமில்லை, மாணவர்களுக்குத் தேர்வு நேரம். மேபல் அவரை ரயில் நிலையத்துக்கு அழைத்துப்போய், அவர் மறுத்துப் பேச ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். உதட்டைப் பார்த்துத்தான் மேபல் பேச்சைப் புரிந்துகொள்வார். முகத்தைத் திருப்பிவிட்டால் விவாதம் முடிந்தது! பெல் போனார். பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோ கருவியைக் காதில் வைத்துப் பார்த்து அசந்துபோனார். மறுநாளிலிருந்து தொலைபேசி உலகச் செய்தி.

மேபல், ஐந்து வயதுவாக்கில் ஸ்கார்லெட் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். பெல்லைவிட 10 வயது இளையவர். 1877 ஜூலையில் கல்யாணம். கல்யாணப் பரிசாக பெல், புதிதாகத் தொடங்கிய தொலைபேசி நிறுவனத்தில் தன் பங்குகளில் 10-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் மேபல் பெயருக்கு எழுதிவிட்டார். ஆக, உலகின் முதல் தொலைபேசி நிறுவனத்தின் பெரும் பங்குதாரர்களில் ஒருவர், போனில் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியாத பெண்.

தேனிலவோடு சேர்ந்த இங்கிலாந்துப் பயணத்தில் விக்டோரியா மகாராணிக்கும் கருவியைக் காட்டினார் பெல். மகாராணியின் கவனத்தைத் திருப்ப, சட்டென்று அவர் கையைத் தொட்டுவிட்டாராம். அரண்மனையில் எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். பாவம், வீட்டுப் பழக்கம். மேபலை அப்படித்தானே கூப்பிட வேண்டும்!

ஹலோ வந்த கதை

ஆரம்பத்தில் போனை விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டார்கள். வீட்டுக்கு என்றால் இரண்டு கருவிக்கு வருஷம் 20 டாலர், வியாபாரத்துக்கு 40 டாலர். ஒரு வீட்டையும் ஒரு கடையையும் நேரடிக் கம்பியால் இணைப்பார்கள், அவ்வளவுதான். 1878 ஜனவரியில் நியூ ஹேவன் நகரில் எக்ஸ்சேஞ்ச் வந்த பிறகுதான் யாரும் யாரோடும் பேசலாம் என்ற நிலை. அடுத்த மாதம் வந்த முதல் டைரக்டரியில் சுமார் 50 பெயர்கள் இருந்தன. நம்பரே கிடையாது. பெயரைச் சொன்னால் ஆபரேட்டர் இணைத்துவிடுவார்.

நம்பர் எப்படி வந்தது? மாசசூசெட்ஸின் லோவல் நகரில் தட்டம்மை பரவியபோது, ஆபரேட்டர்கள் எல்லோரும் படுத்துவிட்டால் புதியவர்களுக்கு யார் வீட்டுக் கம்பி எது என்று எப்படித் தெரியும் என்று ஒரு டாக்டர் கவலைப்பட்டாராம். அதனால் ஆளுக்கு ஒரு எண். இன்று நம் அடையாளமாகவே ஆகிவிட்ட பத்து இலக்கத்துக்கு ஒரு தொற்றுநோய்தான் பூர்வீகம்.

ஆபரேட்டர்களாக முதலில் விடலைப் பையன்களைப் போட்டார்கள். அவர்கள் சந்தாதாரர்களோடு சண்டை போட்டார்கள். 1878 செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் அது பெண்களின் வேலை என்றே ஆனது. வீட்டை விட்டு வெளியே சம்பளத்துக்குப் போவதே அபூர்வமான காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்களை ஓர் அலுவலகத்துக்குள் கொண்டுவந்தது இந்தக் கம்பி. இன்னொரு பழக்கமும் பிறந்தது. போனை எடுத்ததும் கப்பல்காரர்கள்போல 'அஹோய்' என்று சொல்ல வேண்டும் என்பது பெல்லின் ஆசை. எடிசன் சொன்ன 'ஹலோ' ஜெயித்துவிட்டது. 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் நகரங்களிலும் எக்ஸ்சேஞ்ச் திறந்தாயிற்று.

டாக்டரைக் கூப்பிட ஆள் ஓட வேண்டாம். சந்தை நிலவரம் கேட்க ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் போன் எடுத்துப் பேசுவது ஒவ்வொரு அலுவலகத்திலும் வேலையின் ஒரு பகுதியாக மாற மாற, கணக்கு எழுதவும் அச்சுக் கோர்க்கவும் திறமை இருந்தும் அது முடியாதவர்களுக்கு ஒரு கதவு சாத்தப்பட்டது. டாக்டரை அழைக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரிடம் எழுதிக்காட்டிக் கெஞ்ச வேண்டிய நிலை.

பெல்லுக்குத் தொலைபேசித் தொழிலில் ஆர்வம் சீக்கிரமே போய்விட்டது. வழக்கு, வியாபாரம் எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். 1880-ல் ஒளிக்கற்றையில் குரலை ஏற்றி 200 மீட்டருக்கு மேல் அனுப்பிக் காட்டினார். இன்று ஃபைபர் இன்டர்நெட் ஓடுவதும் ஒளியில்தான். பிறகு விமானம், நீரின் மேல் எழும்பிப் பாயும் படகு என்று அவர் கைவைக்காத துறை குறைவு. 1907-ல் தொடங்கிய விமானச் சோதனைக் குழுவுக்குப் பணம் போட்டவர் மேபல்.

பிள்ளைகளைத் திருத்தலாமா, பள்ளியைத் திருத்தலாமா?

ஆனால் யாராவது தொழில் என்ன என்று கேட்டால், கடைசிவரை அவர் சொன்ன பதில் காது கேளாதோரின் ஆசிரியர் என்பதுதான். பிரெஞ்சு அரசு கொடுத்த வோல்டா பரிசுப் பணத்தில் தொடங்கிய ஆய்வகத்தின் வருமானத்தை, காது கேளாமை பற்றிய தகவல் மையத்துக்கே கொடுத்தார். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஆறு வயது ஹெலன் கெல்லரை அவருடைய அப்பா பெல்லிடம் அழைத்துவந்தார். பெல் காட்டிய வழியில் போய்த்தான் ஆன் சல்லிவன் ஆசிரியையாகக் கிடைத்தார். 1903-ல் வந்த தன் சுயசரிதையை பெல்லுக்குத்தான் சமர்ப்பித்தார் ஹெலன். இதெல்லாம் உண்மை. கூடவே இன்னொன்றும் உண்மை.

1883 நவம்பரில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்தில் பெல் ஒரு கட்டுரை படித்தார். காது கேளாதவர்கள் விடுதிப் பள்ளிகளில் ஒன்றாக வளர்கிறார்கள், சைகை மொழியில் பேசுகிறார்கள், தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இப்படியே போனால் காது கேளாத மனித இனம் ஒன்றே உருவாகிவிடும் என்பது அதன் சாரம். இத்தகைய திருமணங்களைச் சட்டத்தால் தடுப்பதைப் பற்றியும் யோசித்து, அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று கைவிட்டார். அதற்குப் பதிலாக அவர் சொன்ன வழிகள்: விடுதிப் பள்ளி வேண்டாம், சைகை மொழி வேண்டாம், காது கேளாத ஆசிரியர்களும் வேண்டாம்.

அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. மேபல் உதட்டைப் பார்த்தே எல்லோரோடும் பழகினார். ஆகவே எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆகலாம் என்று நம்பினார். இங்கேதான் கணக்கு தப்பியது. மேபல் பேசக் கற்ற பிறகு கேட்கும் திறனை இழந்தவர். பணக்கார வீட்டுப் பெண். தனிப்பட்ட கவனிப்பு கிடைத்தவர். பிறவியிலேயே ஒலி தெரியாத ஏழைக் குழந்தைக்கு உதட்டசைவு மட்டும் போதாது. பல ஒலிகள் உதட்டில் ஒரே மாதிரித்தான் தெரியும். கண்ணாடி முன் நின்று 'பாட்டு', 'மாட்டு' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தால் புரியும்.

எதிர்ப்பக்கம் நின்றவர் எட்வர்ட் மைனர் காலடெட். வாஷிங்டனில் காது கேளாதோர் கல்லூரியின் தலைவர். அவருடைய அம்மாவுக்கும் காது கேட்காது. காது கேளாத அம்மாக்கள் வளர்த்த இரண்டு பிள்ளைகள், ஒரே கேள்விக்கு நேர் எதிரான பதில் சொன்னார்கள். காலடெட்டுக்குச் சைகை மொழி அம்மாவின் மொழி. பேச்சுப் பயிற்சியும் இருக்கட்டும், சைகையும் இருக்கட்டும் என்றார். 1891-ல் அந்தக் கல்லூரி ஆசிரியர் பயிற்சிப் பிரிவு தொடங்க அரசிடம் பணம் கேட்டபோது, காது கேளாதவர்கள் ஆசிரியர்களாகிவிடுவார்கள் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் எதிர்த்தார் பெல். ஆச்சரியம் என்னவென்றால், அதே வருஷம் அதே கல்லூரி மாணவர்களிடம் பேசும்போது, யாரைக் கல்யாணம் செய்வது என்பது உங்கள் உரிமை என்றும் சொன்னார். முரண்பாடு அவருக்குள்ளேயே இருந்தது.

பெல்லின் பெயருக்கு இருந்த மரியாதை காலடெட்டுக்கு இல்லை. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடும் சைகையை ஒதுக்கிப் பேச்சுப் பயிற்சியைத்தான் ஆதரித்திருந்தது. பள்ளி பள்ளியாகச் சைகை மொழி போனது. வகுப்பில் கையைத் தூக்கினால் பிள்ளைகளுக்குத் தண்டனை. சைகை மொழிக்கும் மற்ற மொழிகள்போல முழு இலக்கணம் உண்டு என்பதை மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960-ல் எழுதிக்காட்டும் வரை, அது வெறும் கையாட்டல் என்றே பலர் நினைத்தார்கள். மிலான் முடிவுக்கு வருத்தம் தெரிவிக்க அந்த மாநாட்டின் வாரிசுகளுக்கு 2010 வரை ஆனது.

காது கேளாதோர் சும்மா இருந்துவிடவில்லை. போன் அவர்களுக்கு உதவாவிட்டால் என்ன? அப்போது புதிதாக வந்திருந்த சினிமாவைக் கையில் எடுத்தார்கள். தேசிய காது கேளாதோர் சங்கம் நிதி திரட்டி, நன்றாகச் சைகை பேசுபவர்களைப் படம் பிடித்தது. 1913-ல் ஜார்ஜ் வெடிட்ஸ் கேமரா முன் நின்று, தங்கள் மொழியைக் காப்பாற்ற வேண்டும் என்று சைகையிலேயே சொற்பொழிவு ஆற்றினார். காது கேளாதோருக்கு பெல்லைவிட ஆபத்தான ஆள் இல்லை என்று கருதியவர் அவர். நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கைகளின் பேச்சை இன்றும் பார்க்கலாம், புரிந்துகொள்ளலாம்.

போன் இல்லாத அறை

1915 ஜனவரியில் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தொலைபேசிப் பாதை திறந்தபோது, நியூயார்க்கில் பெல்லையும் சான்ஃபிரான்சிஸ்கோவில் வாட்சனையும் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். மறுபடியும் வாட்சனை வரச்சொல்லிக் கூப்பிட்டார் பெல். இந்த முறை வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றார் வாட்சன்.

விழா முடிந்தால் அவருக்குக் கனடாவின் படெக் கிராமத்து வீடுதான். அங்கே தன் படிப்பறையில் மட்டும் போன் வைக்க பெல் அனுமதிக்கவில்லை. யோசிக்கும் நேரத்தில் மணி அடித்தால் பிடிக்காது. இன்று மீட்டிங்குக்கு நடுவே போனைக் கவிழ்த்து வைப்பவர்களுக்கு இவர்தான் மூத்தவர்.

1922 ஆகஸ்ட் 2-ம் தேதி அதிகாலை, நீரிழிவு முற்றிய நிலையில் அந்த வீட்டில் படுத்திருந்தார். வயது 75. மேபல் பக்கத்தில் இருந்தார். என்னை விட்டுப் போகாதீர்கள் என்று மேபல் கேட்டதாகவும், பேச முடியாத நிலையிலிருந்த பெல், இல்லை என்று விரல்களால் சைகை காட்டிவிட்டு நினைவிழந்ததாகவும் குடும்பத்தார் சொன்னார்கள். பள்ளிக்கூடங்களில் கூடாது என்று 40 வருஷம் வாதாடிய கையசைவு அது.

இரண்டு நாள் கழித்து அடக்கம் நடந்தபோது, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த ஒரு கோடிக்கும் அதிகமான தொலைபேசிகள் ஒரு நிமிடம் நிறுத்திவைக்கப்பட்டன. அடுத்த ஜனவரியில் மேபலும் இறந்தார்.

1964-ல் கலிஃபோர்னியாவில் மூன்று பேர் சேர்ந்தார்கள். ராபர்ட் வெய்ட்பிரெக்ட் இயற்பியலாளர், ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் பல் மருத்துவர், ஆண்ட்ரூ சாக்ஸ் பொறியாளர். மூவருக்கும் காது கேட்காது. செய்தி அலுவலகங்கள் கழித்துப்போட்ட பழைய டெலிபிரின்டர்களை வாங்கி, தட்டும் எழுத்தை ஒலியாக மாற்றி, சாதாரண போனின் ரிசீவர் வழியாக அனுப்பும் கருவி ஒன்றை வெய்ட்பிரெக்ட் உருவாக்கினார். தன் கம்பியில் வேறு யாரும் கருவி பொருத்த தொலைபேசி நிறுவனம் விடாது. அதனால் ரிசீவரை அப்படியே ஒரு தொட்டிலில் படுக்கவைத்துவிட்டார்! முதல் முயற்சிகளில் எழுத்துகள் குழம்பி வந்தன. கொஞ்சம் திருகிச் சரிசெய்ததும் தெளிவாக விழுந்தன. மனிதக் குரலின் உதவி இல்லாமல் காது கேளாதவர்கள் இருவர் போனில் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஜூன் மாதமே சால்ட் லேக் சிட்டியில் ஒரு மாநாட்டில் கருவியைப் பொதுவெளியில் இயக்கிக் காட்டினார்கள். மாநாட்டை நடத்தியது, காது கேளாதோருக்குப் பேச்சுக் கற்பிக்க 1890-ல் பெல் தொடங்கிய சங்கம்.